மைதானத்தில் ஒருவர் கூடுதல்

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள், சம்பந்தி ஐயாவின் முழங்காலும் மாடிப்படியோடு ஒருவழியாகச் சமாதானமாகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். எனக்கு ரத்த அழுத்தம் மட்டும், தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த நாள் முதல், கொஞ்சம் கூடுதல். நம் பிள்ளைகள் இன்று காலை போன் செய்தார்கள். தங்கள் மகன், என் மாப்பிள்ளை, தங்கமான பிள்ளை. "மாமா, அந்த மைதான விஷயத்தை மட்டும் அம்மாகிட்ட பேசிடாதீங்க, ப்ளீஸ்" என்று கேட்டுக்கொண்டார். பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை நான் சம்பந்தி என்ற முறையில் எழுதவில்லை என்பதைத் தாங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நகராட்சி விளையாட்டுக் குழுவின் தலைவிக்கு ஒரு குடிமகன் எழுதும் கடிதம் இது. ஆனால் உறையில் தலைவி என்று எழுதினால் தங்கள் அலுவலகத்தில் அதைப் பிரித்து, முத்திரை குத்தி, இன்னொரு உறையில் போட்டு, மூன்று வாரம் அடைகாத்துவிட்டு, 'கவனிக்கப்படும்' என்று பதில் போடுவார்கள். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. அதனால் சம்பந்தி அம்மா என்று எழுதி, இன்று மாலை நானே நடந்துவந்து தங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் போடப்போகிறேன். மணி அடிக்கமாட்டேன். வாக்கு வாக்குதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கால்பந்துக்கென்று நகரத்தின் பணத்தில் ஒரு பெரிய தொகையை ஒதுக்கியிருக்கிறீர்கள். அதை எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள திறந்தவெளி மைதானத்துக்குப் போட்டு, வடிகால் வெட்டி, புல் வளர்த்து, ஒழுங்கு செய்வதா, அல்லது அதன் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் உள்ளரங்கத்துக்குத் துணையாக இன்னோர் உள்ளரங்கம் கட்டுவதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது அரங்கம் வந்தால் மைதானம் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். இதைத் தங்கள் அறிக்கையில் தலைப்பு போட்டு எங்கும் சொல்லவில்லை. அறுபத்தெட்டாம் பக்கத்தின் அடியில் எறும்பு சைசில் எழுதியிருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனால் எறும்பு எழுத்தைப் படிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. முப்பத்தொரு வருடம் இந்த நகரத்தின் தண்ணீர் மீட்டர்களைப் படித்தவன். தங்கள் அறிக்கை தொண்ணூற்று நான்கு பக்கம். இரண்டு முறை படித்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தங்கள் குழுவில் எத்தனை பேர் ஒரு முறையாவது படித்தார்கள் என்று கேட்கமாட்டேன். சம்பந்தம் செய்த இடத்தில் சங்கடமான கேள்வி கேட்கக் கூடாது.

எந்த இடத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று மூன்று வாரம் கணக்கெடுப்பது என முடிவு செய்தீர்கள். உள்ளரங்கத்தின் வாசலில் சுழல்கதவு இருக்கிறது. ஆள் நுழைந்தால் அதுவே ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். மைதானத்துக்குக் கதவே கிடையாது. ஆகவே ஒரு தன்னார்வலர் தேவை என்று நோட்டீஸ் ஒட்டினீர்கள். நான் கையைத் தூக்கினேன். சுற்றிலும் பார்த்தேன், வேறு எந்தக் கையும் இல்லை. வீட்டிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய், மைதானத்தின் இந்த ஓரத்தில், எங்கள் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, கால் மணிக்கு ஒரு பதிவு. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் பேனா ஒரு கையில் கரண்டி. இரண்டு முறை கரண்டியால் எழுதப் பார்த்தேன். அதையும் மறைக்கவில்லை, குறிப்பில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் தங்கள் அலுவலகம் எனக்குக் கொடுத்த பரிசு நான்கு வரிக் கடிதம். 'தங்கள் கணக்கெடுப்பின் எல்லாப் பதிவுகளிலும் விளக்கப்படாத நபர் ஒருவர் கூடுதலாக உள்ளார். எனவே ஏற்க இயலாது. திங்கள் முதல் புதன் வரை, மேற்படி நபர் இன்றி, மறுகணக்கு எடுத்து அளிக்கலாம்.'

விளக்கப்படாத நபராம். விளக்குகிறேன். அது என் மனைவி.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து இரண்டு வருடமாக அவள் நான்காவது மாடியை விட்டு இறங்கியதில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்கு ஒரு குழி இருக்கிறது, ஒரு கதவு இருக்கிறது, 'நான்கு பேர் மட்டும்' என்று ஒரு பலகைகூட இருக்கிறது. லிஃப்ட்தான் இல்லை. பின்னறையில் அவள் கட்டில், கட்டிலை ஒட்டி ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே மைதானம். அவளுக்குக் கடைத்தெரு அதுதான், உறவுக்காரர் வீடு அதுதான், சினிமாவும் அதுதான். காலையில் கண் விழித்ததும் தலையணையை உயர்த்தச் சொல்லி உட்கார்ந்தால், வெளிச்சம் போகும்வரை அந்த ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கமாட்டாள். அந்த மைதானத்தைத் தார் போட்டு மூடி, வரிசை வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டு, ஆட்டத்தையெல்லாம் சுவருக்குள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டால், அவள் எதைப் பார்ப்பாள்? காருக்குக் கவர் போடுவதையா?

தங்கள் படிவத்தில் என்ன கேட்டிருக்கிறீர்கள்? 'மைதானத்தைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை.' ஆடுவோர் என்று கேட்கவில்லை. உதைப்போர் என்று கேட்கவில்லை. ஓர் ஆட்டக்காரன் ஒரு மணி நேரம் ஆடுவான், பனியனைப் பிழிந்துகொண்டு போய்விடுவான். அவள் பன்னிரண்டு மணி நேரம் பயன்படுத்துகிறாள். ஆகவே இருபத்திரண்டு பேர் ஆடினால் இருபத்துமூன்று என்று எழுதினேன். பதினான்கு பேர் என்றால் பதினைந்து. யாருமே இல்லாவிட்டால் ஒன்று. இதில் எந்தக் குழப்பமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஒரு சாதாரணக் கூட்டல்.

இதை விசாரிக்கத் தங்கள் புள்ளிவிவரப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், கையில் ஒரு டேப்லெட், அதற்கு ஓர் உறை, உறைக்கு ஒரு பை. புல்லில் ஷூ நனைந்துவிடும் என்று கல்மேல் கல்லாகத் தாண்டி வந்து நின்றார்.

"சார், போன செவ்வாய்க்கிழமை காலை முழுக்க மழை. மைதானத்துல முழங்கால் அளவு தண்ணி. ஆனா நாப்பத்தொம்பது பதிவுலயும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. யார் சார் அந்த ஒண்ணு?"

"தம்பி, உங்களுக்குத் தண்ணி மீட்டர் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார்."

"தெரியாது. வீட்டுல எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டரைப் பாருங்க. அந்தச் சின்னச் சக்கரம் அப்பவும் மெதுவா சுத்திட்டிருந்தா என்ன அர்த்தம்? எங்கேயோ யாரோ பயன்படுத்திக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதையும் சேர்த்துத்தான் எழுதணும். அதான் நேர்மையான கணக்கு."

"சார், அதுக்குக் கசிவுன்னு பேரு."

"என் பெண்டாட்டியைக் கசிவுங்கறீங்களா?"

அவர் கல்லிலிருந்து தவறிப் புல்லில் கால் வைத்துவிட்டார். அதற்கப்புறம் பேச்சு சரியாக நடக்கவில்லை. "உங்க ஷூவுக்கு நான் பொறுப்பில்ல, வடிகால் வெட்டாதவங்கதான் பொறுப்பு" என்று சொன்னேன். அதைத்தான் அவர் 'கணக்கெடுப்பாளர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும், சம்பந்தி அம்மா. தாங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையிலிருந்தே மழை ஒரே சீராக, அவசரமே இல்லாமல், யாரோ ஏதோ யோசித்துக்கொண்டே ஊற்றுகிற மாதிரி பெய்துகொண்டிருந்தது. நான் குடையின் கீழ், காலை நாற்காலியின் குறுக்குக் கம்பியில் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குக் கோட்டுக் குறிகள் மூழ்கின. பதினொன்றுக்குப் புல் நுனிகள். நண்பகலில் மழை நின்றது. மைதானம் முழுவதும் ஆகாயமாகிவிட்டது. இரண்டு கோல்கம்பங்களும் தலைகீழாக இன்னும் இரண்டு கோல்கம்பங்களின்மேல் நின்றன. மேகம் ஒன்று இந்தக் கோலிலிருந்து அந்தக் கோலுக்கு, தடுக்க ஆளே இல்லாமல், மெள்ளப் போய் உள்ளே நுழைந்தது. அதை நான் எழுதவில்லை. படிவத்தில் மேகத்துக்குக் கட்டம் இல்லை. ஆனால் நாலாவது மாடி ஜன்னலில் ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒன்று என்று எழுதினேன். அன்று அந்த மைதானத்தை முழுசாகப் பயன்படுத்திய ஒரே நபர் அவள்தான்.

அடுத்து மூடுபனி நாள். அதையும் 'ஐயத்துக்குரியது' என்று சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள். ஆறே காலுக்கு என் கைவிரல்களே எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. உதைக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் இருக்காது. அப்புறம் எங்கேயோ தூரத்தில் "எனக்கு, எனக்கு" என்று ஒரு குரல். பந்து சில சமயம் பனியிலிருந்து உருண்டு வந்து என் நாற்காலிக்கு முன்னால் நிற்கும். எதையோ கேட்க வந்து மறந்துபோன மாதிரி நிற்கும். நான் காலால் தள்ளிவிடுவேன், பனி வாங்கிக்கொள்ளும். ஒரு நெட்டையன் தோன்றி, என்னைப் பார்த்து, "கோல் எந்தப் பக்கம் தாத்தா?" என்று கேட்டுவிட்டு மறைந்தான். நான் குரல்களை எண்ணினேன். பதின்மூன்று குரல். ஜன்னலையும் சேர்த்துப் பதினான்கு. குரலை எண்ணக் கூடாது என்று படிவத்தில் இருக்கிறதா? முப்பத்தொரு வருடத்தில் சேற்றில் புதைந்த மீட்டர்களைக் கட்டைவிரலால் தடவிப் படித்திருக்கிறேன், ஓர் எண் தவறியதில்லை.

பதிவு எண் ஐந்நூற்று எழுபத்து மூன்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை, பகல் இரண்டேகால். அதில் மட்டும் '1' என்று எழுதி, பக்கத்தில் 'மைதானத்துக்குள்' என்று குறித்திருக்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. நல்ல வெயில், இளங்காற்று, சாப்பிட்ட வயிறு. நான் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். மூடிய கண்ணுக்குள் மைதானம் இன்னும் நீளமாகத் தெரிந்தது. புல்லுக்கு அடியில் நான் படித்த மீட்டர்களெல்லாம் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் சக்கரமும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டடத்தின் வாசலிலிருந்து அவள் வந்தாள். தடியில்லாமல், வெளியே போகும்போது போடும் அந்தப் பழுப்புச் செருப்போடு. நேராக நடுவட்டத்துக்குப் போனாள். பந்து அங்கே இருந்தது. என்னைப் பார்த்து, "ஏங்க, எந்தப் பக்கம் உதைக்கணும்?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். உதைத்தாள். பந்து கீழே இறங்கவே இல்லை. கண்ணைத் திறந்தபோது கைக்கடிகாரம் சரியாக இரண்டேகால் காட்டியது, பதிவு நேரம், பார்த்ததை எழுதினேன். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தவற்றை மட்டுமே எழுத வேண்டும் என்று தங்கள் வழிகாட்டுக் குறிப்பில் எந்த வரியிலும் இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன்.

சரி, என் கணக்குக்கு இத்தனை குறை சொல்கிறீர்களே, தங்கள் சுழல்கதவு என்ன யோக்கியம் என்று பார்க்கலாம் என்று நேற்று உள்ளரங்கத்துக்குப் போனேன். கதவு என்னை ஒன்று என்று எண்ணி உள்ளே தள்ளியது. உள்ளே போனதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, சம்பந்தி அம்மா. அங்கே மணி என்ன என்றே தெரியவில்லை. காலையா, மாலையா, மழையா, வெயிலா, ஒன்றும் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை வெளிச்சம். ஆடுகிறவர்களுக்கு நிழலே இல்லை. பிளாஸ்டிக் புல்லுக்கு வாசனையில்லை. பந்து சுவரில் பட்டால் அதன் சத்தம் கூரைக்குப் போய், அங்கே சற்று நேரம் தங்கிவிட்டுத் திரும்பி வருகிறது. நிழலில்லாத பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து நிமிடம் ஆனதும் ஒரு மணி அடித்தது, பத்துப் பேரும் பாதி ஓட்டத்தில் அப்படியே நின்று, பையை எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு பத்துப் பேர் வந்து அந்த ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்தான் கனவு காண்கிறேனா, யாராவது என்னைக் கனவு காண்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது. தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

அரங்கத்தைப் பெருக்கும் அம்மா பக்கத்தில் வந்தார். அவர் வாளியோடு சுழல்கதவு வழியாக வெளியே போவதையும் உள்ளே வருவதையும் அதுவரை ஒன்பது முறை பார்த்திருந்தேன்.

"ஏம்மா, ஒவ்வொரு தடவையும் அது உங்களை எண்ணுதா?"

"எண்ணாம? நான் ஒருத்தியே ஒரு நாளைக்கு நாப்பது ஆளுங்க அண்ணே. போன் பேச வெளியே போறவன் திரும்பி வந்தா ரெண்டு ஆளு. வாசப் பூனை அஞ்சு ஆளு."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நாப்பது பேர் சொன்னாத்தான் கேப்பாங்க. நான் ஒருத்திதானே" என்று சொல்லிவிட்டு, "இப்படி வாங்க, ஈரமா இருக்கு" என்று என்னைப் பின்கதவு வழியாக அனுப்பிவைத்தார். ஆகவே தங்கள் இயந்திரத்தின் கணக்குப்படி நான் உள்ளே போயிருக்கிறேன், வெளியே வரவில்லை. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும், நகராட்சி ஆவணத்தில் நான் அங்கேதான், அந்த வெள்ளை வெளிச்சத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சில சமயம் எனக்கே அது உண்மையோ என்று தோன்றுகிறது. ஷூவுக்குள் அந்தப் பிளாஸ்டிக் புல்லின் ரப்பர்த் துகள் இன்னும் இருக்கிறது.

இப்படிப்பட்ட இயந்திரம் பூனையை ஐந்து பேராக எண்ணினால் அது புள்ளிவிவரம். நான் என் மனைவியை ஒரே ஒரு ஆளாக எண்ணினால் அது விளக்கப்படாத நபர். இதுதானே தங்கள் குழுவின் நியாயம்?

மழைக்காலத்தில் மைதானம் வீணாகக் கிடக்கிறது, கூரை இருந்தால் வருடம் முழுக்க ஆடலாம் என்று அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆடலாம். யார் ஆடலாம்? ஒரு வாரத்துக்கு முன்பே பதிவு செய்து, மணிக்கு இவ்வளவு என்று கட்டி, பத்துப் பேர் சேர்ந்தால் ஆடலாம். மைதானத்தில் ஒருவன் வேலைக்குப் போகிற வழியில் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஆளு குறையுதா?" என்று கேட்டுக்கொண்டே நுழைகிறான். வாத்து என்று ஒருவன் இருக்கிறான், பேக்கரியில் வேலை, நடையைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர். மாவு படிந்த கையோடு வந்து இருபது நிமிடம் கோல் காத்துவிட்டு ஓடுவான். அவனுக்கு எந்த அரங்கம் இருபது நிமிடம் கொடுக்கும்? வடிகால் வெட்டிவிட்டால் அந்த முழங்கால் தண்ணீர் அரை நாளில் வடிந்துவிடும். வடிகாலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த நகரத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது தங்கள் பொறியாளரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வரைபடத்தில் மேடாகக் காட்டியிருக்கும் இடத்தில்தான் தவளை குடும்பம் நடத்துகிறது.

வெறுமனே பார்ப்பவள்தானே, அவளை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். வெறுமனே பார்ப்பவள் இல்லை. நான் மாலை ஆறு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறிப் போய் மூச்சு வாங்க நின்றால், முதல் கேள்வியே, "இன்னிக்கு அந்த நெட்டையன் எப்படி?" என்பதுதான். ஒன்றுவிடாமல் பேசுவோம். "வாத்து இன்னிக்கு விழுந்துட்டான் பாத்தீங்களா, பாவம்" என்பாள். விழுந்துதான் இருப்பான். ஒரு நாள், "வாத்து கோலைப் பிடிச்சானே, அடேயப்பா!" என்றாள். என் பதிவேட்டில் அன்று வாத்து வரவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். நான் தரையில் உட்கார்ந்திருப்பவன்; அவள் நாலாவது மாடி; மேலிருந்து பார்ப்பவளுக்குத்தான் முழு மைதானமும் தெரியும். பேனாவை எடுத்து, பத்தொன்பதை இருபது என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். தங்கள் அதிகாரி எவ்வளவு மன்றாடியும் ஓர் எண்ணைக்கூட மாற்றாதவன், அவளுக்காக மாற்றினேன் என்றால், அவள் கண்ணின்மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, மேற்படி நபர் இன்றி மறுகணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாளை திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்காலி அதே இடத்தில் இருக்கும். அந்த ஒருவர் எல்லாப் பதிவிலும் இருப்பார். வியாழக்கிழமை தாங்கள் கையைத் தூக்கும்போது, அந்த ஜன்னலை ஒரு முறை நினைத்துக்கொண்டு தூக்க வேண்டும். மைதானத்துக்கு எதிராகத் தூக்கினீர்களென்றால், நம் உறவில் ஒன்றும் மாறாது. பேரப்பிள்ளைகளுக்கு நாம் இருவரும் ஒன்றுதான். தங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவேன். ஆனால் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடமாட்டேன். அவ்வளவு தூரம் போய்விடும் விஷயம் இது.

தங்களுக்கும் சம்பந்தி ஐயாவுக்கும் நீண்ட ஆயுளும், குறையாத பார்வையும், எறும்பு எழுத்துப் போடாத நல்ல மனமும் வாய்க்கட்டும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். என் வீட்டுக்காரியும் தங்களை அன்போடு கேட்டதாக எழுதச் சொன்னாள். தினமும் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்களுக்குக் கடிதத்தில் வேறு எதற்கு என்று கேட்டேன், முறை என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியும், வரி கட்டுபவரும், கடைசிவரை இறங்கிவரப் போகாதவருமான,
தண்ணீர் மீட்டர் (ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டும் முன் கடிதத்தை அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். கட்டில் கிரீச்சிடும் அளவுக்குச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதைத் தங்களுக்கு அப்படியே எழுதுவது என் கடமை.

"ஏங்க, கீழே ஆட்டம் எனக்கு எங்கேங்க தெரியுது? ஒரு வருஷமா இந்த ஜன்னல் கம்பியைத் தாண்டினா எல்லாமே பச்சைத் தண்ணிதான்."

"அப்ப வாத்து?"

"நீங்கதானே வந்து வந்து சொல்வீங்க. தினமும் யாராவது விழத்தானே செய்வாங்க, வாத்துன்னு சொல்லி வைப்பேன்."

"கண்ணு தெரியலைன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா டாக்டர்கிட்ட போகணும்பீங்க. நாலு மாடி நீங்க என்னைத் தூக்கிக்கிட்டு இறங்குவீங்க. அப்புறம் யாரு யாரைப் பாக்கறது?"

"அப்ப காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்கே எதைத்தான் பாத்துக்கிட்டிருக்கே?"

"அந்தச் சிவப்பு நாற்காலி மட்டும் தெரியும். அதுல நீங்க அசையறீங்களான்னு பாத்துக்கிட்டிருப்பேன். எழுபத்தி மூணு வயசாச்சு, மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, ஒருத்தர் பாக்க வேண்டாமா?"

இன்னொன்றும் சொன்னாள். கூரைக்கே பணத்தைப் போடுங்கள், இந்த மனுஷன் அதன்கீழே போய் உட்கார்ந்தாலாவது நனையாமல் இருப்பார் என்று போன மாதமே தங்களிடம் போனில் சொல்லிவிட்டாளாம். தாங்களும் சரி என்றீர்களாம். "கூரைக்குள்ளே போயிட்டா என்னைப் பாக்க முடியாதே உன்னால" என்றேன். "நனையலைன்னு தெரிஞ்சா போதும், பாக்கணும்னு இல்லை" என்றாள்.

முப்பத்தொரு வருடத்தில் ஓர் எண்ணையும் தவறாகப் படித்ததில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடவும். மைதானத்தைப் பயன்படுத்தியவர்களில் அவள் இல்லை. தவறாகப் படித்துவிட்டால் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் துறையின் விதி. ஆகவே நான் கொடுத்த எல்லாப் பதிவிலிருந்தும் ஒன்றைக் கழித்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமை இரண்டேகால் மணிப் பதிவை மட்டும் தொட வேண்டாம். கண் டாக்டர் விஷயமாக மாப்பிள்ளையிடம் பேசப்போகிறேன். அவரும் நானும் சேர்ந்தால் நாலு மாடி இறக்கிவிடலாம். வியாழக்கிழமை தாங்கள் எந்தப் பக்கம் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை. யோசித்துச் சொல்கிறேன்.

மறுகணக்கு நாளை காலை ஆறு மணிக்குச் சொன்னபடி தொடங்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். நாற்காலியை நாளை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போடலாம் என்று இருக்கிறேன். அதனால் ஆட்டக்காரர்கள் சிலர் கணக்கில் விடுபட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.